செம்மண் மேட்டில் பேபி சன் ரோஸ்: வெயிலில் செழித்தது, மழையில் அழுகுகிறது

லயத்துப் பொண்ணு (பாடாங் செராய்)

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை படித்துவிட்டுப் போகிற ஆளாகத்தான் இருந்தேன். இப்போது கேட்க ஒரு விஷயம் வந்திருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருக்கும் தாமான் (குடியிருப்பு) முன்பு கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம். வீட்டு வாசலுக்கும் சாலையோர லோங்காங்குக்கும் (சாக்கடைக்கும்) நடுவே ஒரு சரிவு இருக்கிறது. நீளம் 25 அடி, உயரம் 4 அடி இருக்கும். மேல்மண்ணை வீடு கட்டும்போதே வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் சிவப்புச் சரளைதான். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் கை அதிரும், மண் அசையாது. அதில் இருந்த அகலப் புல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் காய்ந்து கயிறாகிவிடும். நம் கெடா வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கித்தா மரமே இலையைக் கொட்டிவிட்டு நிற்கிற மாதம், புல் என்ன செய்யும்?

போன டிசம்பரில் பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) ஒரு சீன அங்கிளிடம் தொங்கும் தொட்டியில் பேபி சன் ரோஸ் பார்த்தேன். இதய வடிவத்தில் சின்ன இலை, தடித்த தண்டு, ஐந்து காசு அளவில் ரோஜா நிறப் பூ. ஒரு தொட்டி 8 வெள்ளி (ரிங்கிட்). மூன்று வாங்கினேன். தண்ணீரே கேட்காது என்றார். எனக்குக் குளிமில் மூன்று ஷிப்ட் வேலை. தண்ணீர் கேட்காத செடி என்றால் அதுதான் எனக்கு ஏற்ற செடி.

துண்டு துண்டாக வெட்டிச் சரிவு முழுக்க நட்டேன். ஜனவரியில் வேர் பிடித்தது. பிப்ரவரி, மார்ச்சில் குழாயில் தண்ணீர் நூலாக வந்த நாட்களில்கூட அது பாய் விரித்தது போலப் படர்ந்தது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) வந்து துணுக்கு கேட்டு வாங்கிப் போனார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது, ஒளிப்பானேன்.

ஏப்ரலில் மழை தொடங்கியது. நடுவில் ஒரு தட்டு அளவுக்குக் கறுத்தது. கை வைத்தால் வெந்த பசலைத் தண்டு போல வழுக்கிக்கொண்டு வருகிறது, நாற்றம் வேறு. இப்போது அந்த மாதிரி நான்கு இடம். லோங்காங் பக்கம் கீழ்ப்பகுதி பெரும்பாலும் போய்விட்டது. மேல்வரிசை மட்டும் நன்றாக இருக்கிறது. சில தண்டுகளில் இலை இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ ஒட்டியிருக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. மார்ச் கடைசியில் அம்மா ஆசைப்பட்டு இரண்டு முறை கோழிச்சாணம் தூவினார். நான் ஒரு முறை நீல உரமும் போட்டேன்.

மழையா, உரமா, நோயா? முழுவதையும் பிடுங்கிவிடலாமா? அம்மா வேறு, "பேசாமல் பத்து மணிப் பூ வைத்திருக்கலாம்" என்று தினமும் சொல்கிறார். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தபோது, கித்தாப் பால் பிடிக்கும் மங்குகளில் உடைந்ததை எடுத்து அதைத்தான் வைத்திருந்தாராம். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும்போது மூடியிருக்கும், மரம் வெட்டி (பால் வடியப் பட்டையைக் கீறி) முடித்துப் பால் எடுக்கிற நேரத்துக்குத் திறந்திருக்கும் என்பார்.


பழைய நர்சரிக்காரன் (சுங்கை பட்டாணி)

தங்கச்சி, பிடுங்க வேண்டாம். நான் நர்சரியில் 14 வருஷம் இருந்தவன். இந்தச் செடியைக் காயவிட்டுக் கொன்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அழுகவிட்டுக் கொன்றவர்களை வரிசையாக நிறுத்தலாம், அதில் நானும் ஒருவன்.

செடியின் ஊர் தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம். பழைய பெயர் அப்டீனியா கார்டிஃபோலியா. இப்போது மெசெம்ப்ரியாந்தமம் கார்டிஃபோலியம் என்று எழுதுகிறார்கள். கடையில் இரண்டு பெயரும் வரும், குழம்ப வேண்டாம். இலையும் தண்டும்தான் அதற்குத் தண்ணீர்த் தொட்டி. வறட்சி வந்தால் பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை வாங்கி வைத்துக்கொள்ளும். பகலில் அந்தக் காற்றை வைத்துச் சமையல் நடக்கும். உங்கள் அம்மாவுக்கு இது எளிதில் புரியும். விடியுமுன் ஏன் மரம் வெட்டுகிறோம்? வெயில் ஏறாத நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதல், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலை தண்ணீரை இழக்கும், அழுத்தம் இறங்கும், பால் சுருங்கும். இந்தச் செடியும் வெயிலுக்குப் பயந்து ராத்திரி வேலை பார்க்கிற சாதிதான், உங்கள் ஷிப்ட் மாதிரி.

ஏற்கெனவே தொட்டி நிரம்பிய செடிக்குக் கோழிச்சாணமும் நீல உரமும் போட்டீர்கள். தழைச்சத்து மிகுந்து தண்டு வேகமாக, சதை மெலிந்து வளர்ந்திருக்கும். அதன்மேல் தினமும் மழை. பாய் மாதிரி அடர்ந்ததால் அடியில் காற்றோட்டம் கிடையாது. பூஞ்சைக்கு இதைவிட நல்ல விருந்து வேண்டுமா? நீங்கள் கேட்ட மூன்றும்தான் பதில், ஆனால் முதல் குற்றவாளி தேங்கிய ஈரம்.

கறுத்த இடத்தைச் சுற்றி நல்ல பகுதியிலும் நான்கு விரல் அகலம் சேர்த்து வெட்டி எடுத்துக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். அந்த இடத்தை அப்படியே காயவிடுங்கள். உடனே மறுபடி நட்டால் அதுவும் போகும்.

மேல்வரிசையிலிருந்து கைவிரல் நீளத்துக்கு நுனிகளை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் இரண்டு நாள் காகிதத்தின் மேல் போட்டு வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். இதைப் பொறுமையில்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பிறகு நான்கைந்து தொட்டியில், மழைச்சாரல் படாத, வெயில் படுகிற ஐந்தடி (வீட்டு முன் நடைவழி) ஓரத்தில் வையுங்கள். சரிவில் என்ன நடந்தாலும் இந்தத் தொட்டிகள்தான் உங்கள் விதைநெல்.

கலவைக்குக் கடையில் விற்கும் கறுப்பு மண்ணை மட்டும் போடாதீர்கள், அது பஞ்சு போல ஈரம் பிடிக்கும். நெல் விளைகிற மாநிலத்தில் இருக்கிறோம், கருக்கிய உமி மலிவு. சேக்காம் பாக்கார் என்று கேளுங்கள். கொரகொரப்பான ஆற்று மணல் இரண்டு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, மண் ஒரு பங்கு. கையில் இறுக்கிப் பிடித்து விரித்தால் உதிர வேண்டும், கொழுக்கட்டையாக நிற்கக் கூடாது.

சரிவில் மறுபடி நட இப்போது காலமில்லை. நம் பக்கம் ஜூன், ஜூலையில் மழை கொஞ்சம் ஓயும், அப்போது வையுங்கள். செப்டம்பருக்குள் வேர் இறங்கியிருக்கும். ஒரு துணுக்குக்கும் அடுத்ததுக்கும் ஓர் அடி விடுங்கள். உரம் வேண்டவே வேண்டாம்.


மூணு பிள்ளை அம்மா (கோலா கெட்டில்)

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. அந்தப் பஞ்சைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அது மாவுப்பூச்சி. எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். பூச்சி விடுகிற இனிப்புக்காக எறும்பு அதை மாடு மாதிரி மேய்க்கும். எறும்பை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் ஒழிக்க முடியாது.

கொஞ்சமாக இருந்தால் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலை. நிறைய இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு கலந்து சாயங்காலம் தெளியுங்கள். முதலில் ஓர் ஓரத்தில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். நான் ஒரு முறை கை தாராளமாகச் சோப்பை ஊற்றி இலையெல்லாம் வெந்து போனது.

இன்னொன்று நத்தை. மழை நின்ற ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தை பகலில் இந்தப் பாய்க்கு அடியில்தான் படுத்திருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு பொறுக்குங்கள். நான் முதல் ராத்திரி 31 பொறுக்கினேன். வீட்டுக்காரர் சிரித்தார். அடுத்த ராத்திரி அவரே டார்ச் பிடித்தார்.

தொட்டியில் வைக்கும்போது அடித்தட்டு போடாதீர்கள், தங்கச்சி. வேருக்கும் கெடுதல், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள்.

படர்ந்த இடத்துக்குள் களை கலந்திருந்தால் கிள்ளிப் பாருங்கள். சிவப்புத் தண்டோடு தரையோடு படர்வது இரண்டு இருக்கிறது. ஒன்று பருப்புக்கீரை, மலாய்க்காரர்கள் கெலாங் பாசிர் என்பார்கள். தண்டு சதையாக இருக்கும், கிள்ளினால் வெறும் தண்ணீர். அது இருந்துவிட்டுப் போகட்டும், பருப்போடு கடைந்தால் அருமை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். கிள்ளினால் வெள்ளைப் பால் வருகிறதா, அது அம்மான் பச்சரிசி வகை, பிடுங்கிப் போடுங்கள். கித்தா மரமும் அதே குடும்பம்தான், அதனால்தான் பால். வாயில் வைத்துவிடாதீர்கள்.


வெளிக்காட்டு கிராணி (தெலுக் இந்தான்)

நான் கொஞ்சம் மாறுபட்டுச் சொல்லப் போகிறேன், நர்சரிக்கார தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

4 அடி உயரச் சரிவை இந்த மாதிரிச் செடி பிடித்து நிறுத்தாது. வேர் மேலோட்டம். இலையும் தண்டும் தண்ணீர் குடித்துவிட்டால் பாய் முழுக்கக் கனம். அடியில் மண் நனைந்து வழுக்கும்போது அந்தக் கனமே கீழே இழுக்கும். என் மகன் வீட்டில் இதேபோல ஒரு மழைக்கு அரைச் சுவர் நீளத்துக்குப் பாயோடு மண்ணும் சேர்ந்து லோங்காங்கில் இறங்கியது. அங்கே இருந்தது வேறு தடித்த இலைச் செடி, ஆனாலும் பாடம் ஒன்றுதான்.

தோட்டத்தில் மறுநடவுக்கு மரத்தைச் சாய்த்த பிறகு வெற்று மண்ணை ஒரு நாள் சும்மா விடமாட்டோம். புவெராரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா என்று அவரைக் குடும்பத்துக் கொடிகளை விதைப்போம். பின்னாளில் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) முக்குனா என்ற கொடி வந்தது. மண்ணைப் பிடிக்கும், களையை அமுக்கும், வேர் முடிச்சில் தழைச்சத்தும் சேர்க்கும். அதற்காக அதை வீட்டில் வைக்கச் சொல்லவில்லை. முக்குனாவை வாசலில் வைத்தால் ஷிப்ட் முடிந்து வரும்போது வீடு எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

உங்களுக்கு வேண்டியது வெட்டிவேர். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் 1990 வாக்கிலேயே அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில், நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு தூர் வீதம் வரிசையாக வையுங்கள். வேர் பக்கவாட்டில் ஓடாது, நேராகக் கீழே இறங்கும், மூன்று மீட்டர் வரைகூடப் போகும். சரளையில் அவ்வளவு போகாவிட்டாலும் உங்கள் 4 அடிக்குப் போதும். வரிசைகளுக்கு நடுவில் உங்கள் பூச்செடியை வைத்து அழகு பாருங்கள்.

அப்புறம், கீழ்ப்பகுதி மட்டும் அதிகம் அழுகியது என்றீர்களே. ஒரு சாண் தோண்டிப் பாருங்கள்.


லயத்துப் பொண்ணு (பாடாங் செராய்)

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை தோண்டிப் பார்த்தேன். ஒரு சாண்கூட வேண்டியிருக்கவில்லை. முக்கால் சாணில் சிமெண்டு மாதிரி ஒரு தட்டு, அதன்மேல் தண்ணீர் கசிந்து நிற்கிறது. வீடு கட்டியபோது கொட்டிய காரை. மேலே பெய்கிற மழையெல்லாம் இறங்கி அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. செடி இத்தனை நாளாகக் கிண்ணத்துக்குள் நின்றிருக்கிறது!

தம்பி கடப்பாறை கொண்டுவந்து உடைத்தான். மூன்று சாக்கு காரை வந்தது. அந்த இடத்தில் சரளையும் மணலும் போட்டு, லோங்காங் பக்கம் தண்ணீர் வடிய மூன்று சின்ன வாய் விட்டோம். கறுத்ததை வெட்டி எறிந்தாயிற்று. நுனிகள் காகிதத்தின் மேல் காய்கின்றன. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏன் செடியை வற்றல் போடுகிறாய்" என்கிறார்.

கோலா கெட்டில் அக்கா, நத்தை 17. உங்கள் கணக்கை எட்டவில்லை. எறும்பும் இருந்தது. பால் கிள்ளிப் பார்க்கிற வேலையை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். 30 வருஷம் மரம் வெட்டியவர், கண் இப்போது மங்கல், ஆனால் பால் விரலில் ஒட்டினால் தெரிந்துவிடுகிறது.

இன்னும் ஒரு கேள்வி. அம்மாவுக்காகப் பத்து மணிப் பூவும் வைக்கலாம் என்றிருக்கிறேன். பழைய பீங்கான் மங்கு ஆறு பரணில் இருந்து கிடைத்தது. அதில் வைக்கலாமா, சரிவிலேயே கலந்து வைக்கலாமா?


பழைய நர்சரிக்காரன் (சுங்கை பட்டாணி)

கிராணி ஐயா, கோபம் ஒன்றுமில்லை. சரிவு எவ்வளவு செங்குத்து என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும். வெட்டிவேர் யோசனை என்னுடையதைவிட நல்லது.

பத்து மணிப் பூவை மங்கிலேயே வையுங்கள், தங்கச்சி. அது போர்ட்டுலாகா, பருப்புக்கீரைக்குச் சொந்தம், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பேபி சன் ரோஸ் அதன்மேல் ஏறி மூடிவிடும், இரண்டும் ஒரே இடத்தில் ஒத்துப்போகாது. ஊசி இலை வகையை மலாயில் ரோஸ் ஜெபுன் என்று கேட்டால் தருவார்கள்.

மங்குக்கு அடியில் ஓட்டை இருக்காது. டைல் துளைக்கிற முனையைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாகத் துளையுங்கள். சுத்தியலால் தட்டி அம்மாவின் மங்கை உடைத்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள். ஐந்தாறு மணி நேர நேர்வெயில் படுகிற இடம் வேண்டும். மூடாப்பான நாளில் பூ திறக்காது, செடிக்கு வியாதி என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டாம். தண்டு நீண்டு வழுக்கையாகிவிட்டால் பாதியாக வெட்டிவிடுங்கள், வெட்டியதைப் பக்கத்தில் குத்தினாலே பிடிக்கும்.


லயத்துப் பொண்ணு (பாடாங் செராய்)

ஜூலை மாதம். முடிவைச் சொல்லாமல் போகிறவர்களை நானே திட்டியிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

வெட்டிவேர் இரண்டு வரிசை வைத்தாயிற்று, ஒன்று நடுவில், ஒன்று லோங்காங் ஓரம். 120 தூர் வாங்கினேன், 9 செத்தது. நடுவே பேபி சன் ரோஸ் துணுக்குகள் ஓர் அடிக்கு ஒன்று. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது, அம்மை போட்ட முகம் மாதிரி. மக்சிக் வந்து, "முன்பு அழகாக இருந்ததே" என்று வருத்தப்பட்டார். அவருக்கு மழைக்கு முன்பு கொடுத்த துணுக்கு மணல் தொட்டியில் ஜோராக இருக்கிறது. அதிலிருந்துதான் பத்து நுனி திரும்ப வாங்கி வந்தேன். போன வாரம் ஒரு பெரிய மழை பெய்தது. மறுநாள் காலை விரலை விட்டுப் பார்த்தேன், மேல் இரண்டு அங்குலம் உதிர்கிறது. கீழே தண்ணீர் நிற்கவில்லை.

உரமூட்டையை அம்மாவுக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். கத்தரிக்காய்க்கு என்று கேட்டுப் பார்த்தார், அதற்கு மட்டும் நானே அளந்து கொடுத்தேன்.

ஆறு மங்கில் ஒன்று துளைக்கும்போது உடைந்தது. அண்ணன் பெயரைச் சொல்லவில்லை. மற்ற ஐந்தும் வேலி ஓரம் வரிசையாக இருக்கின்றன. நேற்று எனக்கு ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து படுத்துவிட்டேன். பத்தேகாலுக்கு அம்மா கதவைத் தட்டி, "பால் எடுக்கிற நேரம் ஆச்சு, வந்து பாரு" என்றார். நான்கு சிவப்பு, ஒரு மஞ்சள். மஞ்சள் லயத்தில் இருந்ததில்லையாம், அதை மட்டும் குனிந்து கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.